உப்பு மிளகாய் சுற்றிய மாலை

பம்பரம் சுழன்றால் ‘ஸ்பின்’, பூமி சூரியனைச் சுற்றினால் ‘ரிவால்வ்’ என்று புதுக்கடைப் பக்கத்து மிஷன் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்த நாட்கள் அவை. ஒரு மாலை வீடு திரும்பியபோது, காய்ச்சலில் கிடந்த எங்கள் மகளின் தலைக்கு மேலே மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணேறு கழிப்பதை எங்கள் கிறிஸ்தவச் சபை பொறுக்காது.

“ஏட்டி, உபதேசியார் கண்டா சபையிலேந்து தள்ளிருவாரு!”

“இந்தச் சுத்துக்கு இங்கிலீசில என்ன சொல்லுவாவ?”

“அதுக்கு வார்த்தை கிடையாது.”

“அப்பம் மிஷன் தொரைகிட்ட ஆராலயும் கோளு சொல்ல முடியாது. பேசாம இரிங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிளகாயை அடுப்பில் போட்டாள், நெடி வரவில்லை. அப்படியானால் கண்ணேறுதான், கழிந்தது என்று இருவருமே நம்பினோம்.

விடியுமுன் குழந்தை போய்விட்டாள். அதன்பின் மனைவி என்னிடம் எந்தச் சொல்லுக்கும் ஆங்கிலம் கேட்டதில்லை.