முறைப்பாட்டுக்குப் போன இடியப்பம்

போன செவ்வாய்க்கிழமை லஞ்சம் கொடுக்கப் போய்ப் பிடிபட்டேன். பதறாதீர்கள்... சொல்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் செல்வி அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க ஒரு அதிகாரி 'ஏதாவது' கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. ஏழு மாதமாகக் கடை பூட்டிக் கிடக்கிறது.

அந்த அதிகாரி மீது அக்கா கொடுத்த முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். ஆட்களோடு கதைக்கத்தான் எனக்குக் கூச்சம்; கையெழுத்து அழகு.

லஞ்ச ஒழிப்புக்கு அரசாங்கம் கூடுதல் நிதி ஒதுக்கப்போகிறதாம் – ரேடியோவில் கேட்டதுமே அக்கா கிளம்பிவிட்டார்.

"தம்பி, இனி எங்கட கடிதம் அசையும். வாரும், கேட்டுட்டு வருவம்."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். மடியில் அக்கா தந்த சூடான பார்சல். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் வந்து வந்து போனது. கண் சொருகியது... புது மேசை. கண்ணாடி போட்ட ஒரு பெண் என் கடிதத்தை நிதானமாக வாசிக்கிறாள். எங்கோ அக்காவின் கடைக்கதவு தானாகத் திறக்கிறது. உள்ளேயிருந்து ஆவி...

"இறங்கும் தம்பி!"

அந்த அதிகாரியின் திணைக்களத்திலிருந்த லஞ்ச முறைப்பாட்டுப் பிரிவு வாசலில் காவலாளி பார்சலைத் தொட்டுப் பார்த்தார்.

"இடியப்பம், மல்லி. உள்ள இருக்கிற ஆக்களுக்கு. சொதியும் இருக்கு," என்றார் அக்கா. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அவர் சிரிக்காமல் சுவரைக் காட்டினார். 'அன்பளிப்புகள் ஏற்கப்படமாட்டா.' மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

"வெறுங்கையோட எப்பிடி ஒரு இடத்துக்குப் போறது?" அக்கா என் காதில் முணுமுணுத்தார். பார்சல் வாசலிலேயே நின்றது.

உள்ளே கவுன்டரில் ஒரு முஸ்லிம் பெண் கோப்பைத் தேடி எடுத்தாள்.

"கடிதம் தமிழ்ல ஈக்கி, ஆன்ட்டி. சிங்களத்துல மாத்த மொழிபெயர்ப்பாளர் இல்ல. அரசாங்கத்துச் சல்லி வந்தாத்தான் ஆள் போடுவாங்க."

"நீர் வடிவாத் தமிழ் கதைக்கிறீரே, பிள்ளை?"

"கதைக்க ஏலும். மொழிபெயர்ப்புக்குச் சீல் குத்த ஏலாதே!"

"சல்லி எப்ப வரும்?"

"தாறெண்டு சொல்லீக்கிறாங்க."

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ... "அந்த மொழிபெயர்ப்பாளர் வந்தா எங்க இருப்பார்?" என்று கேட்டுவிட்டேன். அவள் கை காட்டினாள். ஜன்னலோரம் ஒரு வெறும் கதிரை. மேலே மின்விசிறி அதற்காகவே சுற்றிக்கொண்டிருந்தது.

அரசாங்கம் சொல்லும் பெரிய தொகையெல்லாம் கடைசியில் இப்படி ஒரு கதிரையில் வந்து உட்காரத்தானே வேண்டும்?

வாசலில் பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து எங்கள் லஞ்சத்தை நாங்களே சாப்பிட்டோம். அலை வந்தது, போனது.

"அந்தக் கதிரைக்கு ஆள் வந்து, என்ர கடையும் திறந்தா, முதல் பார்சல் அவருக்குத்தான்."

"அக்கா... அதுவும் லஞ்சம்."

"ஆர் சும்மா குடுக்கிறது? விலைக்குத்தான் விப்பன்!"