சத்தம் வராத வீடியோ

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் 'சைகை'. லிஃப்ட் ஓடும் குழிக்குள் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று நின்று வேலை பார்க்கும்போது வாயைவிடக் கைதான் உதவும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பேச்சு என்று வந்தால் கதை வேறு. முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். 'கயிறு' என்று சொல்ல நினைத்தால் அந்தக் 'க' உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. எதிரே நிற்பவர்கள் பொறுமை இழந்து, "கம்பியா? கதவா? கட்டரா?" என்று ஏலம் விட ஆரம்பிப்பார்கள். உதவி என்ற பெயரில் மனிதர்கள் செய்கிற தொல்லைக்கு அளவே இல்லை.

கை ஓடிக்கொண்டிருந்தவரை வாயைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. முழங்கால் தேய்ந்ததும்தான் வந்தது வினை. "இனிமே ஏணியில ஏறவே கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏணி ஏறாத லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? காலியாக இருந்தது ஒரே ஒரு இடம்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் வேலை. அதற்கு அதிகாரிகள் முன்னால் ஸ்லைடு போட்டு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சொதப்பினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இதை அவர் மனைவியிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரு சட்டைக்குக் காலரே வைத்து முடித்துவிட்டாள். தையல்காரி. வெட்டுவதும் சேர்ப்பதும் அவளுக்குக் கைவந்த கலை.

"ஸ்லைடுக்குள்ள வீடியோ வைக்கலாம்ல?" என்றாள். "நீங்க பேசுங்க, நான் ஃபோன்ல எடுக்கிறேன். திக்குற இடத்தையெல்லாம் வெட்டிடுவோம். அங்க போய் பட்டனை அமுக்கிட்டு ஓரமா நில்லுங்க, போதும்."

அப்படித்தான் செய்தார்கள். ஒரே ஒரு வாக்கியத்துக்கு ஒரு மதியம் முழுக்கப் போனதும் உண்டு. தண்ணீர் குடிப்பார், மூச்சை இழுத்து விடுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். லிஃப்ட் பிரேக்கைச் சோதிக்கும் பாடம் துண்டு துண்டாகச் சேர்ந்து முழு வீடியோ ஆனது. தனி ஃபைலாக இருந்தால் போகிற இடத்தில் திறக்காமல் கழுத்தறுக்கும் என்று, அவள் அதை ஸ்லைடுக்குள்ளேயே பதித்து, சரியாக ஓடுகிறதா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். வீடியோவில் இருந்த மனிதர் தங்குதடையில்லாமல் பேசினார். அவரைப் பார்க்க இவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பயிற்சிக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சிப் பிரிவின் மேலாளர் அம்மா, அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு இன்ஜினியர்கள். சைகை வணக்கம் வைத்தார், பட்டனை அமுக்கினார். திரை முழுக்க அவர் முகம் வந்தது. வாய் அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மேலாளர் அம்மாவே எழுந்து வந்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். அது உஸ்ஸென்று இரைந்ததே தவிர ஒரு சொல் வரவில்லை. "இது நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் போய் உட்கார்ந்தார். பதற்றத்தில் சைகை வீடியோவை நிறுத்தக்கூடத் தோன்றாமல் முதல் ஸ்லைடுக்குப் போகும் பட்டனைத் தட்டிவிட்டார். அது மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடியது.

திரையில் இருந்தவர் வாயைத் திறந்தார். அந்த வாய் என்ன சொல்லப் போகிறது என்பது இவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அது 'பிரேக்' என்று சொல்ல உதட்டைச் சேர்த்தது. இவர் உதடும் தானாகச் சேர்ந்தது.

"பிரேக்கைத் தொடறதுக்கு முன்னாடி லிஃப்டுக்குள்ள யாரும் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்."

சொன்னது தான்தான் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சின்ன வயதில் வகுப்பே சேர்ந்து பாட்டு ஒப்பிக்கும்போது மட்டும் அவருக்குத் திக்கியதே இல்லை. கூட இன்னொரு வாய் அசைந்தால் அவருடைய நாக்குக்குத் தைரியம் வந்துவிடும். இன்று கூட வந்த வாயும் அவருடையதாகவே இருந்தது. அது நின்ற இடத்தில் இவரும் நின்றார், அது தொடர்ந்தபோது தொடர்ந்தார். பாடம் முடியும்வரை ஒரு சொல்கூட இடறவில்லை. இன்ஜினியர்கள் இருவரும் இதை ஏதோ புது உத்தி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார்கள்.

திரை இருண்டது. மேலாளர் அம்மா கேட்டார், "பிரேக் வழுக்குதுன்னு தெரிஞ்சா முதல்ல என்ன பண்ணணும்?"

இதற்கு வீடியோ இல்லை.

"மெ… மெ… மெ…"

"மேல போகணுமா?" என்று ஒரு இன்ஜினியர் எடுத்துக் கொடுத்தார். மேலாளர் அம்மா அவர் பக்கம் கையைக் காட்டி அடக்கினார். "அவரே சொல்லட்டும்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"மெ… மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணும். அ… அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"திங்கக்கிழமை வகுப்பு இருக்கு," என்றார் மேலாளர் அம்மா. "வந்துடுங்க."

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போன நிம்மதியில் முழங்கால் வலிகூட அவருக்கு உறைக்கவில்லை. மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"வீ… வீடியோல சத்தம் வரல."

அவள் குரல் மெதுவாக வந்தது. "என்னங்க, தப்பு என்மேலதான். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குதேன்னு அந்த வீடியோவோட சத்தத்தை நிறுத்திட்டுக் கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்படியே சேவ் பண்ணிட்டேன் போல. வேலை போச்சா?"

"கி… கிடைச்சிருச்சு."

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதைக் கொண்டு வாங்க, திங்கக்கிழமைக்குள்ள சத்தத்தைச் சரி பண்ணித் தரேன்" என்றாள்.

"வே… வேணாம்," என்றார் அவர். "நா… நானே பேசுறேன்."