வெள்ளை போர்டு வேனின் முன் சீட்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், சிலது சுத்தமாக மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது போனைத் தொட்டால் வாசலுக்கு வண்டி வருகிறது. கார் வருகிறது, ஆட்டோ வருகிறது, பைக்கும் வருகிறது. சொந்த பைக்கில் காசுக்கு ஆள் ஏற்றலாமா கூடாதா என்று பேப்பரில் எழுதுகிறார்கள், டிவியில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஏதோ புதுச் சங்கதி மாதிரி. எங்கள் வீட்டில் இந்தச் சண்டை அந்தப் போனெல்லாம் வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் டிரைவர். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பம்தான், அவருடைய அண்ணன் தம்பியெல்லாம் தறியில்தான் இருந்தார்கள். இவருக்கு ஒரே இடத்தில் உட்காரப் பொறுமை கிடையாது. பட்டுக்கடை முதலாளி ஒருவரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளின் கடைசியில் பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். சப்பை மூக்கு, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. அது ஓன் போர்டு வண்டி. அதாவது வீட்டு உபயோகத்துக்கு என்று பதிவான வண்டி, வெள்ளைப் பலகை. வாடகைக்கு ஓட்டுவதென்றால் மஞ்சள் பலகை வேண்டும், பர்மிட் வேண்டும், வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், வரியும் தனி. இவர் அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளை போர்டிலேயே கல்யாணப் பார்ட்டி, கோயிலுக்கு வருகிறவர்கள் என்று ஓட்டினார். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டினார்கள்.

வழியில் வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினால் "சொந்தக்காரங்க, சும்மா கூட்டிக்கினு போறாரு" என்று சொல்ல வேண்டும். ஏறும்போதே பார்ட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆனாலும் அவருக்கு அது போதவில்லை.

"ஆம்பள தனியா ஓட்டிக்கினு போனா டிரைவர்னு மூஞ்சியிலயே எழுதி இருக்குது. பக்கத்துல பொண்டாட்டி உக்காந்துக்கினு இருந்தா குடும்பம் போவுதுன்னு விட்டுடுவாங்க. நீ நாளைக்கு வா" என்றார்.

"நான் எதுக்குங்க? யாருனே தெரியாதவங்க கூட" என்றேன்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். பூ வச்சிக்கினு உக்காந்துக்கினு வா, போதும்."

அப்படித்தான் நான் முன் சீட்டில் ஏறினேன். தார் சுற்றுகிற வேலை, அதாவது தறியில் ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை, அன்றைக்கெல்லாம் நின்றுபோகும். முகூர்த்த மாதங்களில் வாரத்தில் பாதி நாள் நான் வேனில்தான். யார் யார் கல்யாணங்களுக்கோ போயிருக்கிறேன். மண்டபத்துக்குள் போகக் கூச்சமாக இருக்கும். வேனிலேயே உட்கார்ந்திருப்பேன். யாராவது பெரியவர் பார்த்துவிட்டு, "சாப்ட வாம்மா, நீங்க பொண்ணு வீடா, புள்ள வீடா?" என்று கேட்பார். நான் "வேன்" என்பேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. வெளியூர் மண்டபத்துச் சாப்பாடெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டதுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டாக்சி ஸ்டாண்டு. அங்கே மஞ்சள் போர்டு அம்பாசிடர் வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் வேனைக் கண்டால் ஆகாது. பர்மிட்டுக்கும் வரிக்கும் அவர் பட்ட பாடு அவருக்கு. சிக்னல், கடைத்தெரு என்று நாங்கள் நிற்கிற இடத்தில் எல்லாம் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பார்.

"என்னா அண்ணி, இன்னிக்கு யாரு வூட்டுக் கல்யாணம்? உங்களுக்குத்தான் ஜில்லா பூரா சொந்தமாச்சே!"

நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வேன். அவர் விடமாட்டார். "நாங்க வரியக் கட்டி வண்டி ஓட்றோம். உங்க வூட்டுக்காரரு பொண்டாட்டியக் கட்டி வண்டி ஓட்றாரு."

இவர் கோபமாகக் கியரைப் போடுவார்.

ஒரு தை மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஐயங்கார், அவருடைய தம்பி பிள்ளைக்குச் செங்கல்பட்டுப் பக்கம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய கூறைப் புடவையை இங்கேதான் எடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு வாத்தியாருக்கு. அவர், அவருடைய மனைவி, தட்டு எடுக்கிற மூன்று பெண்கள், எல்லாரும் எங்கள் வேனில். விடிந்ததும் கிளம்பினோம். கூறை அந்த அம்மாள் மடியில் இருந்தது. கீழே வைக்கவே இல்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். முதல் சவாரிக்கு முன்னால் குளித்து நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. வாத்தியார் ஏறும்போதே அதைப் பார்த்தார். அவர் நெற்றியில் பளிச்சென்று நாமம்.

"யாராவது கேட்டா என் ஆத்துக்காரியோட அண்ணா பிள்ளைன்னு சொல்லணும்னேளே. அந்தப் பட்டையைக் கொஞ்சம் துடைச்சுண்டா தேவலை. பொருந்தணுமோல்லியோ?"

"சாமி, வண்டி உங்களுக்கு. நெத்தி எனக்கு" என்றார் இவர்.

வாத்தியார் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். அப்போ சிநேகிதர்னு சொல்லிக்கலாம்" என்று மனைவி பக்கம் திரும்பி, "காதுல விழுந்துதா? சிநேகிதர்" என்றார். அந்த அம்மாள் கூறையைத் தடவிக்கொண்டே தலையாட்டினாள்.

ஐயம்பேட்டை தாண்டினதும் ஜீப் நின்றிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். நல்ல மாதிரியான மனிதர்தான், அதட்டவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

"டிரைவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"சிநேகிதர்" என்றார் வாத்தியார். அதே நேரத்தில் "எங்க அண்ணா பிள்ளை" என்றாள் அந்த அம்மாள். முதலில் சொல்லிக் கொடுத்ததுதான் அவளுக்கு மனசில் நின்றிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் இவருடைய நெற்றியைப் பார்த்தார். வாத்தியாரின் நெற்றியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "ஏம்மா, உங்க அண்ணன் புள்ள பட்டை போட்டுக்கினு இருக்காரே, வூட்ல ஒண்ணும் சொல்லலையா?" என்றார். பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார்.

அப்புறம் என் பக்கம் வந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. நீங்க பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

எத்தனையோ மண்டபத்தில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். "வேன்" என்றேன்.

இவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். விபூதி அதில் ஒட்டிக்கொண்டது.

வண்டியைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப்போய் ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் எங்கள் வண்டி என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பயம். ஆனால் அந்த அம்மாள் கூறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நின்றதைப் பார்த்ததும் அந்தப் பயம் வேறு மாதிரி ஆயிற்று. முகூர்த்தத்துக்குள் புடவை போய்ச் சேர வேண்டுமே. ஷேர் ஆட்டோ வாலாஜாபாத்தோடு நின்றுவிடும். பஸ்ஸிலோ கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது.

இவர் பக்கத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். யாருக்குப் பேசினார் என்று அம்பாசிடர் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதே மஞ்சள் போர்டுக்காரர். இறங்கி எங்களைப் பார்த்தார். நான் கிண்டலுக்குத் தயாராக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ "ஏறுங்க மாமி" என்று பின்கதவைத் திறந்தார்.

நாலு பெண்கள், வாத்தியார் ஆக ஐந்து பேர், தட்டுகள் வேறு. "நாலு பேருக்கு மேல ஏத்த முடியாது சாமி. சார் பாத்துக்கினு நிக்கறாரு" என்றார் அவர். வாத்தியார் ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு, "நீங்க போங்கோ. கூறைதான் முக்கியம். நான் பஸ்ல வந்துடறேன்" என்றார். கார் கிளம்பிப் போயிற்று. பஸ் வருகிறவரைக்கும் வாத்தியாரும் இவரும் புளியமரத்தடியில் நின்றார்கள். இவர் மன்னிப்புக் கேட்டார். "நெத்தியை அழிச்சிருந்தாலும் என் ஆத்துக்காரி வேற ஏதாவது உளறியிருப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். கூறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

வண்டி அபராதம் கட்டின பிறகுதான் கைக்கு வந்தது. இன்னொரு தரம் பிடித்தால் விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். இவருக்கு இரண்டு மூன்று நாள் ஒரே குழப்பம். வேனை விற்றுவிட்டுத் திரும்பப் பட்டுக்கடைக்கே போகலாமா என்று ஒரு யோசனை. மஞ்சள் போடலாமா என்று இன்னொன்று. இந்த மாதிரி வேனுக்கு, அதுவும் பழைய வண்டிக்கு, வாடகைப் பர்மிட் கொடுப்பார்களா என்பதே சந்தேகமாக இருந்தது.

நான்தான் சொன்னேன். "மஞ்சளே போட்டுடலாங்க. இனிமே யாருனா கேட்டா எனக்கு வாய் வராது."

"உனுக்கு வாய் வரலன்னு வண்டிக்கு மஞ்சள் பூசணுமா?" என்றார். ஆனால் மறுநாள் ஆபீசுக்குப் போனார். யாரிடம் விவரம் கேட்டுக்கொண்டு போனார் தெரியுமா? அந்த அம்பாசிடர்க்காரரிடம்தான். அலைந்து அலைந்து, பிரேக்கை மாற்றி, பெயின்ட் அடித்து, ஒரு வழியாகப் பர்மிட் வந்தது. ஸ்டாண்டில் கடைசியில் ஒரு இடமும் கொடுத்தார்கள்.

மஞ்சள் பலகை மாட்டின பிறகு முதல் சவாரி, முசரவாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். நான் பழக்கத்தில் புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முன் சீட்டில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார், மடியில் வெற்றிலைக் கட்டு. இவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் திணறினார்.

"இனிமே அது பார்ட்டி சீட்டும்மா. பர்மிட்டுல எழுதின ஆள் கணக்குல வருது" என்றார்.

சரி என்று உள்ளே வந்தேன். பூவை எடுத்து சாமி படத்துக்கு வைத்துவிட்டுத் தார் சுற்ற உட்கார்ந்தேன். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் ரசம் சாதம்தான்.

இதில் எனக்குச் சில சந்தேகம் உண்டு. வெள்ளை, மஞ்சள் என்று பலகை நிறம் மாறினது அந்தத் தைக்கு முன்னாலா பின்னாலா என்று நிச்சயமில்லை. அதற்கு முன்னால் சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகை இருந்ததாக ஞாபகம். அந்த வேனுக்குப் பர்மிட்டில் எத்தனை ஆள் எழுதினார்கள், டிரைவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதும் தெரியவில்லை. அந்தக் காலத்து வண்டி விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிட வேண்டும்.