இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் கணக்கில் இன்றுவரை என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஒருவரைத் தவிர. அவர் என் மாமா.

அப்பாவின் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஆறு பிள்ளைகளில் ஒன்றை வளர்க்கக் கேட்டார் என்று, ஏழு வயதில் என்னைக் கரையாம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். கிருமாம்பாக்கத்து வீட்டில் ஒரே பாயில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு படுப்போம். இங்கே ஒரு பாய் முழுக்க எனக்கு. புரண்டு புரண்டு படுத்தாலும் யார் கையும் இடிக்காது. அத்தை புதுப் பாவாடை தைத்துப் போட்டு, முறுக்கு சுட்டுத் தந்தார். நான் நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து, "எப்ப வூட்டுக்குப் போறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா கரும்புக் கட்டு எண்ணுகிறவர். ஒருநாள் ஒரு கூடை புளியங்கொட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருவத்தொண்ணு இருக்குது. ரெண்டு ரெண்டா வை, மூணு மூணா வை, பத்து வரைக்கும் எப்படி வேணா அடுக்கு. ஒரு தடவையாவது மிச்சமில்லாம வந்தா வூட்டுல கொண்டுபோய் வுடுறேன்."

"நெசமாவா மாமா?"

"வார்த்தைன்னா வார்த்தடி."

அன்றே களத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டிரண்டாக வைத்தேன், ஒன்று மிச்சம். மூன்றுக்கும் ஒன்று. ஏழுக்காவது சரியாக வரும் என்று ஒரு பகல் முழுக்க அடுக்கினேன். கடைசியில் ஒன்று தனியாக நின்றது. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் பார்த்தாயிற்று. எந்த வரிசையிலும் சேராமல் அந்த ஒன்று மட்டும் ஓரமாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு கொட்டையை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். பிறகு அடுக்கினால், பத்து வரைக்கும் எத்தனையாக வைத்தாலும் மீதி இல்லை. பத்துப் பத்தாக வரிசை போட்டு மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"மிச்சம் இன்னாடி ஆச்சி?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

"எங்க, வாயத் தொற."

நான் திறக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ வாசற்படியில் நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் என்னை அழைத்துப் போனார். கிருமாம்பாக்கத்தில் இறங்கியதும் என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"குடு, அந்த ஒண்ண."

பாவாடை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். துண்டில் துடைத்து, துண்டின் நுனியிலேயே முடிந்துகொண்டார்.

அந்த எண்ணைப் பிற்பாடு நான் விடவில்லை. பதினொன்று, பதின்மூன்று என்று இன்னும் மேலே போய் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்தேன். மிச்சம் கூடியது, குறைந்தது, இல்லாமல் போகவே இல்லை. தேடித் தேடி எண்ணி வைத்திருக்கிறார் மனிதர்.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? ஒரு புளியங்கொட்டையைக்கூட விட்டுக்கொடுக்க மனசு வராத கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு, திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினேன்.