எனக்கு வந்த புது நாடி

இரண்டு கிழமைக்கு முந்தி என்னைப் பார்த்து ஒருவர் "இன்னாலில்லாஹி..." என்று சொல்லிவிட்டார். மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம் மக்கள் சொல்வது அது. நானோ உயிரோடு கட்டிலில் படுத்திருந்தேன்.

சொன்னவர் பக்கத்து வீட்டு ரஹீமா ராத்தா. ராத்தா என்றால் அக்கா. கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்து எங்கள் துறைமுகப் பக்கம் குடிவந்தவர். அவரில் பிழையே இல்லை. எங்கள் ஊரில் தமிழரோ முஸ்லிமோ, ஓர் உயிர் போனதும் வாய் திறந்துவிடாமல் நாடியை, அதுதான் மோவாயை, சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணியால் கட்டிவிடுவோம். என் நாடியிலும் அதே மாதிரி ஒரு வெள்ளைக் கட்டு. மல்லாந்து படுக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். கை இரண்டும் நெஞ்சில். வெள்ளிக்கிழமை என்று இவர் — என் வீட்டுக்காரர் — சாம்பிராணி வேறு போட்டிருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் கண்ணைத் திறந்தேன். ராத்தா கொண்டுவந்த சூப்பில் பாதி நிலத்தில் கொட்டியது.

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகுதான் கேட்டார்.

"பல்லுக் கழட்டினதுக்கு எதுக்குப் புள்ள நாடியக் கட்டியிருக்காங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கடைவாய்ப் பல்லில் கோளாறு, கொழும்பில் எடுக்க வேண்டும் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தவர் இவர் ஒருவர்தான். மட்டக்களப்பில் கம்பஸ் படிக்கும் என் மகள் லீவில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பல்லுக் கதைதான்.

பல்லுமில்லை, ஒன்றுமில்லை. நாடியை அழகாக்கும் ஒப்பரேசன். ஐம்பது வயதில்!

சிரிக்காதீர்கள். எனக்கு நாடி உள்ளே போன முகம். கீழுதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்துதான். நான் தையல் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. சட்டை தைக்க வருபவர்கள் அதன் முன்னால் நிற்பார்கள். நான் பின்னால் நின்று ஊசி குத்துவேன். இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணாடியில் துணியை மட்டுமே பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு மேலே என் படம் ஏன் வருவதில்லை என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். பத்திரிகைக்காரர் கேட்காமல் இல்லை... நான்தான் கொடுக்கவில்லை.

ஒப்பரேசன் பெரிய காரியமில்லை. கீழுதட்டின் உள்பக்கம் வெட்டி, எலும்பின் மேல் சிலிக்கன் துண்டொன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். மயக்கம் கொடுக்க முந்தி நேர்ஸ், "என்ன ஒப்பரேசன் அம்மா?" என்று கேட்டா. நான் பழக்க தோசத்தில் "பல்லு" என்றேன். அவ கையிலிருந்த கடதாசியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, டொக்டரைக் கூப்பிடப் போய்விட்டா. எல்லோருக்கும் முன்னால் "நாடிதான், நாடிதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

சரி, ராத்தாவிடம் வருகிறேன். உதடு வீங்கி, நாக்குத் தடித்து, நாடி மரத்துப்போய்க் கிடக்கிறது. அந்த வாயால் உண்மை சொல்வதே கஷ்டம். பொய்க்கு எங்கே போவது? சொல்லிவிட்டேன்.

படைத்தவன் தந்த முகத்தில் கை வைக்கலாமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். ராத்தா கேட்கவில்லை. "நோவுதா புள்ள?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். மீதிச் சூப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். நிலத்தைத் துடைக்க வந்த மகள், துணியும் கையுமாக நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ...

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவளுக்கும் என் நாடிதான். பிறந்த அன்றே 'அம்மாவை உரிச்சு வச்சிருக்கு' என்று எல்லோரும் சொன்ன பிள்ளை.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என்ர நாடி?"

இதை நான் யோசிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? எத்தனை வருடம் யோசித்து எடுத்த முடிவு! வலியை யோசித்தேன், ஊர்க் கதையை யோசித்தேன். வீட்டுக்குள் அதே நாடியோடு ஒருத்தி நடமாடுவதை யோசிக்கவில்லை.

அதன் பிறகும் அவள் கவனிப்பில் குறை வைக்கவில்லை. கஞ்சியை மிக்ஸியில் அடித்துத் தந்தாள். வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் தந்தாள். என்னோடு கதைப்பதுதான் இல்லை. நான் வாயைக் கோணி, "உனக்கு அது வடிவு பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதே நாடிதானே அம்மா. எனக்கு வடிவெண்டா உங்களுக்கு மட்டும் எப்பிடி வடிவில்லாமப் போனது?"

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகும்போது, முதுகைக் காட்டியபடியே இன்னொன்று சொன்னாள்.

"இனி இந்த வீட்டில என்னைப் போல ஒருத்தரும் இல்லை."

மடியில் பால் குடிக்கும் பிள்ளைக்கு, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது எது? அம்மாவின் நாடிதானே. நான் வாழ்நாள் முழுக்க ஒளித்துத் திரிந்ததை, என் பிள்ளை முதல் நாளிலிருந்தே பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். நமக்குப் பிடிக்காத நம் முகம், யாரோ ஒருவருக்கு வீடு மாதிரி இருந்திருக்கிறது.

கட்டு அவிழ்த்த பிறகு கண்ணாடி பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன் — பிடித்திருக்கிறது. இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கொழுத்த மாதிரி இருக்கிறீர்" என்றார். அவ்வளவுதான்.

நேற்று சாம்பல்தீவிலிருந்து இவருடைய தங்கை, என் மச்சாள், இளநீரோடு என்னைப் பார்க்க வந்தா. என் முகத்தில் என்னவோ மாறியிருப்பது தெரிகிறது. எது என்று பிடிபடவில்லை. என்னைப் பார்த்தா. மகளைப் பார்த்தா. திரும்ப என்னைப் பார்த்தா.

"இவள் ஆரைப் போல எண்டு இப்ப விளங்கேல்லையே..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் இளநீரைக் கோப்பைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அம்மாவைப் போலதான் மாமி. முந்தின அம்மா."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டுக்குள் தையல் சுள்ளென்று இழுத்தது.

கொஞ்ச நாளைக்குச் சிரிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு என் மகளைத் தெரியாது.