சன்னாசியின் அண்ணன்

வீராசாமி அண்ணன் காலமான செய்தியை அவருடைய மகன் கதிரேசன் தொலைபேசியில் சொன்னபோது நான் ஜாசின் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அப்பா காலையில போயிட்டாரு. பசியாறிட்டு நாற்காலியில உக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. பத்து பெரண்டாமுல நம்ம வீட்டுலதான் வச்சிருக்கோம். நாளைக்கு எடுக்கிறோம்."

கையிலிருந்த காயைக் கூடையில் திரும்பப் போட்டேன். வேறு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் உண்டு. எங்கள் நண்பர் ராஜநாயகம். அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. அதனால், வீராசாமி அண்ணனை வேறு வகையில் அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவரை ஜாசின் சைக்கிள் பட்டறைக்காரராக அறிவீர்கள். அதிகம் பேசாதவர், செயினுக்கு எண்ணெய் விட்டால் காசு கேட்காதவர் என்பீர்கள். அதற்கு முன்னால் அவர் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில், சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை போட்டவர். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஜாசினுக்கு வருவார்.

அது மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்ட வருடங்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அடையாளக் கார்டு வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால், நான் வேலை பார்த்த புகைப்படக் கடையில் எந்நேரமும் கூட்டம். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்து, சிரிக்கலாமா கூடாதா என்று கேட்டு உட்கார்வார்கள். வீராசாமி அண்ணனும் தொலைந்த கார்டுக்குப் புதுப் படம் எடுக்கத்தான் முதலில் வந்தார். படம் எடுத்த பிறகும் போகவில்லை. வாசலில் நின்ற வண்டியை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைக் கவனித்திருக்கிறார்.

"ஏறுறியா தம்பி? ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்லா" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. நில அலுவலகத்தில் வேலை பார்த்த ராஜநாயகம் பிறகு சேர்ந்துகொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். மாதத் தவணையில் புது வண்டி வாங்கியவர். இரண்டு வண்டி, மூன்று பேர். எனக்கு வண்டி இல்லை; யாராவது ஒருவர் பின்னால் உட்கார்வேன். வீராசாமி அண்ணனின் வண்டி யுத்தத்துக்குப் பிறகு ராணுவத்தார் கழித்துப் போட்டது. சைலன்சரை யாரோ பாதியில் அறுத்து, தகரம் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அது கிளம்பினால் இருமல்காரர் இருமுவதுபோல இரண்டு தடவை விக்கி, பிறகு ஊரே கேட்கும்படி முழங்கும். மாற்றச் சொன்னால், "அது அப்படியே இருக்கட்டும்" என்பார். அவருடைய பேச்சில் பாதி, "இருக்கட்டும்" என்ற அந்த ஒரு சொல்தான்.

மலாக்காவின் பல பகுதிகளை ஆபத்து நீங்கிய 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, எங்கள் சனி, ஞாயிறுகள் நீண்டன. இரவில் வெளியே நிற்கலாம், கையில் சோற்றுப் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்களுக்குத் திருவிழா. ஆனால் வீராசாமி அண்ணனுக்கு மலாக்காவுக்குள் சுற்றுவதில் விருப்பமில்லை. தம்பின் ஊரைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானின் மலைகளுக்குப் போக வேண்டும் என்பார்.

"அங்க என்ன இருக்கு?" என்று ராஜநாயகம் கேட்டார்.

"காத்து நல்லா இருக்கும்" என்றார் அவர்.

அங்கே இன்னும் ராணுவம் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. இருந்தும் போனோம். தம்பின் தாண்டியதும் சாலைத் தடுப்பில் எங்கள் பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு கொண்டுபோகிறோமா என்று பார்த்தார்கள். மாற்றுச் சட்டையும் ராஜநாயகத்தின் ஜெபப் புத்தகமும் என் கேமராவும் இருந்தன. ஒரு பிஸ்கட்கூட இல்லை. வீராசாமி அண்ணன்தான் புறப்படும்போதே எங்கள் பைகளைத் துழாவி, எல்லாத் தின்பண்டங்களையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய ஜாக்கிரதையைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

குவாலா பிலாவில் ஒரு சீனர் கடை மாடியில் தங்கி, ஞாயிறு காலை மலைச் சாலையில் ஏறினோம். பாதை வளைந்து வளைந்து போனது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், அதற்கப்பால் காடு. மேலே ஒரு வளைவில் வீராசாமி அண்ணன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. கைப்பிடியைத் திருகி முழங்க விட்டார். பிறகு அணைத்துவிட்டுக் காடு இருந்த பக்கம் திரும்பிச் சும்மா நின்றார். மறுபடி உதைத்தார். அது இரண்டு தடவை விக்கி முழங்கியது. மறுபடி அணைத்தார்.

"என்னப்பா வீராசாமி, வண்டியில ஏதும் பிழையோ?" என்று ராஜநாயகம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"இப்பிடியே செய்துகொண்டு நிண்டால் பெற்றோல் முடிஞ்சிடும். ஊருக்கு என்னண்டு போறது?"

வீராசாமி அண்ணன் காட்டின் பக்கம் தலையைச் சாய்த்தார். நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். அழுகிறாரோ என்று நினைத்தேன், அழவில்லை. கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாலு, என் தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்னு சொல்லியிருக்கேன்ல?"

"ஆமாண்ணே."

"அங்க இல்லடா. உள்ள இருக்கான்." முகவாயால் காட்டைக் காட்டினார்.

அவருடைய தம்பியின் பெயர் சன்னாசி. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலையில் எஞ்சின் ஓட்டியவர். அந்த மோட்டார் சைக்கிளைக் கழிவிலிருந்து பொறுக்கிச் சேர்த்து ஓட வைத்தவர் அவர்தான். சைலன்சரை அறுத்ததும் அவர்தான். தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவர். அவசரகாலம் தொடங்கியதும் சங்கத்துக்காரர்களைப் போலீஸ் தேடியது. ஒருநாள் மாலை வண்டியோடு புலாவ் செபாங்குக்கு வந்து, "வச்சுக்கண்ணே, ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனவர் வரவில்லை. நெகிரி செம்பிலான் காட்டுக்குள் போய்விட்டதாகப் பிறகு காற்றுவாக்கில் செய்தி வந்தது. வீராசாமி அண்ணன் சிறுவயதிலேயே மாமன் வீட்டுக்கு வளரப் போய்விட்டதால், ரயில்வே குமாஸ்தாவையும் போலீஸ் தேடிய தோட்டத் தொழிலாளியையும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிட முடியாதுடா. எவன் காதுலயாவது விழுந்தா அவ்வளவுதான். இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்."

"கேட்டா வந்துருவாராண்ணே?"

"வர வேணாம். அண்ணன் வந்துட்டுப் போனான்னு தெரிஞ்சா போதும்."

ராஜநாயகம் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் அரசாங்க ஊழியர். அவருடைய சம்பளத்தை நம்பி யாழ்ப்பாணத்தில் தாயும் மூன்று தங்கைகளும் இருந்தார்கள். காட்டில் இருப்பவனுக்குச் சைகை கொடுத்தவர்களோடு நின்றார் என்று போலீஸ் ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் தன் வண்டிக்கு நடந்து போனார். ஏறிப் போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அதுவரை மெதுவாக ஓடிக்கொண்டிருந்த தன் எஞ்சினை அணைத்தார்.

"என்ர வண்டியை நிப்பாட்டிட்டன். ரெண்டு சத்தமும் கலந்தால் அவருக்கு விளங்காது. நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றார்.

அந்த வளைவில் நாங்கள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. கேமராவை நான் எடுக்கவே இல்லை. எஞ்சின் முழங்கும், அணையும், பிறகு மூவரும் கேட்போம். பூச்சிகளின் இரைச்சல், எங்கோ தண்ணீர் விழுவது, ஒரு பறவை. காடு அவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வந்தது போலீஸ் ஜீப். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி ஏன் சத்தம் எழுப்புகிறீர்கள் என்று சார்ஜன் மலாயில் கேட்டார். வண்டி பழுது என்றார் வீராசாமி அண்ணன். சார்ஜன் ஒரு உதை உதைத்தார். அது உடனே கிளம்பியது. எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தனித்தனியாக வைத்து விசாரித்தார்கள். நானும் ராஜநாயகமும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒன்றைத்தான் சொன்னோம்: வண்டி பழுது. மாலைவரை அதையே சொன்னோம். கடைசியில் எங்களை வெளியே விட்டார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்கிறேன் என்று வீராசாமி அண்ணன் தம்பியின் பெயரைத் தானே சொல்லிவிட்டார்.

எங்களைப் பார்க்க ஒரு நிமிடம் விட்டார்கள். "ஊருக்குப் போங்க. மழை வரும்போல இருக்கு" என்றார்.

நீதிமன்ற விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் அவரைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். ரயில்வே வேலை போனது. வண்டியும் திரும்பி வரவில்லை. அவர் வெளியே வந்த நாளில், முகாம் வாசலில், காவலாளிகள் எல்லோரும் பார்க்க, அலுவலகத்துக்குப் போகும் கழுத்துப்பட்டியோடு ராஜநாயகம் தன் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தார். இதை ராஜநாயகம் எனக்குச் சொன்னதில்லை. வீராசாமி அண்ணன்தான் சொன்னார், பல வருடம் கழித்து, ராஜநாயகத்தின் அடக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது.

புலாவ் செபாங்கில் அவரால் இருக்க முடியவில்லை. காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். கோயிலில் அவர் பக்கத்தில் நின்றவர்கள் சன்னதி மாறி நின்றார்கள். பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் சொல்லாமலே வேறு இடத்தில் முடித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அவர் சொல்வார்: "பயந்தவனக் கோவிச்சுக்காதடா. அவனுக்கும் வீடு, புள்ளங்க இருக்குல்ல." பிறகு ஜாசினுக்கு வந்து சைக்கிள் பட்டறை போட்டார். கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது.

அவசரகாலம் முடிந்த பிறகு ஒருநாள், காட்டிலிருந்து சரணடைந்து, ரப்பர்ப் பால்மரம் சீவிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு பட்டறைக்கு வந்திருக்கிறார். பேச்சோடு பேச்சாகத் தோட்டத்தின் பெயர் வந்தது. பிறகு சன்னாசியின் பெயர் வந்தது. சன்னாசி காட்டுக்குள் போன மறு வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார். பகாங் பக்கத்தில் எங்கோ ஒரு ஆற்றோரம் புதைத்தார்களாம். இடம் அந்த மனிதருக்கே நினைவில்லை.

அன்று வீராசாமி அண்ணன் பட்டறையைச் சாத்திவிட்டுப் புகைப்படக் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து இதைச் சொன்னார். நான் விளக்குகளை அணைத்தேன். அவர் கைகளைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம மேல போனப்பவே அவன் இல்ல."

"ஆமாண்ணே."

"அப்ப அந்தச் சத்தத்தக் கேட்டது நீங்க ரெண்டு பேரும்தான்."

அவர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "இருக்கட்டும். யாராவது கேட்டீங்களே" என்றார்.

தம்பிக்குக் காரியம் செய்யலாமே என்று ஒருமுறை கேட்டேன். எந்த நாளில் வைப்பது, எந்த இடத்தைப் பார்த்துக் கும்பிடுவது என்றார். அதோடு சரி. பிள்ளைகளிடம் அவர் தம்பியைப் பற்றிப் பேசியதில்லை. அவர்களும் பயந்து வளர வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லாத காலம் வந்த பிறகு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் போயிருக்கலாம். அவருடைய மனைவிக்குத் தெரியும். அவரும் முன்னாலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் கடற்கரையில் நடந்தது. ஐயர் பிண்டங்களை உருட்டி வைத்து, தகப்பன், பாட்டன் பெயர்களைக் கேட்டுவிட்டு, "குடும்பத்துல காரியம் செய்யாம விட்டவங்க வேற யாரும் உண்டா?" என்றார். கதிரேசன் இல்லை என்று தலையாட்டினார்.

"ஒருத்தர் இருக்காருப்பா" என்றேன்.

"யாரு மாமா?"

"உங்க சித்தப்பா."

"அப்பாவுக்குத் தம்பி இருந்தாரா?" கதிரேசனுக்கு அறுபது வயதாகப் போகிறது. ஈரத் துண்டோடு சிறு பிள்ளைபோல என்னைப் பார்த்தார்.

ஐயர் பெயர் கேட்டார். சொன்னேன். அலைச்சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார். இத்தனை வருடமாக அந்தப் பெயரை நான் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சன்னாசி என்று சொன்னேன். சற்றுத் தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கதிரேசன் அந்தப் பெயரை ஐயர் சொன்னபடி மூன்று தடவை சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டார்.

புகைப்படக் கடையை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீராசாமி அண்ணன் என் வீட்டுக்கு வருவார். பத்து பெரண்டாமில் மகன் வீட்டுக்குப் போன பிறகும் பஸ் பிடித்து வந்தார். வந்து உட்கார்ந்தால் காப்பி ஆறும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். அது எங்களுக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. ஒருவரோடு பேசாமல் உட்கார்ந்திருக்க நான் அவரிடம்தான் பழகினேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். தனியாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பது வேறு. அதை இனிமேல்தான் பழக வேண்டும்.