வேலிக்கு வெளியே ஒரு மாட்டு அகலம்

என் நாத்தனார் தையல்காரி. அளவெடுப்பதில் அவளுக்குத் தப்பே வராது. ஆனால் எடுத்த அளவோடு நிற்க மாட்டாள். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் துணியை மடித்து மடித்து விட்டுவிடுவாள். என் மூத்தவன் வேலைக்குச் சேர்ந்தபோது தைத்த சட்டையிலும் விட்டாள்.

"இவன் இன்னும் எங்கடி வளரப் போறான்?" என்றேன்.

"பக்கவாட்டுல வளருவான், அண்ணி."

வளர்ந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளும் அவள் வீட்டுக்காரரும் வெளிநாட்டுக்குப் போய் ஒரு பால்பண்ணையில் பாடுபட்டு, அங்கேயே ஒரு பட்டிக்காட்டில் வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கி மாடு வளர்த்தார்கள். முட்டி தேய்ந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து மூச்சு விடவில்லை, அங்கிருந்து, விற்பனையைப் பார்த்துக்கொண்ட வக்கீலம்மா போனில் வந்துவிட்டார். முகம் தெரிகிற போன். அதை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்தாள். அந்த ஊர்ப் பாஷை எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நாத்தனார் அவ்வப்போது சொன்னதைத்தான் நம் பேச்சில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். நிலத்தை வாங்கியவர் ஒரு தச்சர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை கட்டப் போனார். சர்வேயர் வந்து அளந்தால், பழைய பத்திரத்தில் உள்ள நிலம் வடக்கு வேலியைத் தாண்டிப் போகிறது. ஒரு மாடு குறுக்கே நிற்கிற அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு வெளியே கிடக்கிறது. விற்ற பத்திரத்திலோ வேலிக்குள் இருப்பது மட்டும் என்று எழுதியிருக்கிறது. துண்டு யாருடையது என்று தீராமல் பட்டறைக்கு அனுமதி இல்லை.

அதோடு போனால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்காரி, தன் இடம் என்று நம்பி, அந்தத் துண்டு முழுக்கப் பேரிக்காய் மரம் வைத்திருந்தாள். தச்சர் கைக்குப் போனால் மரங்களை வெட்டி லாரிக்கு வழி போடுவார். அந்தக் கோழிக்காரிதான் நாத்தனார் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது வந்து மாடுகளைக் கறந்தவள். அந்த ஊரில் இவளுக்கு மனுஷி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"வேலியை யார் போட்டது?" என்றார் வக்கீலம்மா.

"நான்தான்."

"எல்லையில போடாம ஏன் உள்ள தள்ளிப் போட்டீங்க?"

நாத்தனார் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து அண்ணன், அதாவது அவள் வீட்டுக்காரர், தலையை நீட்டினார்.

"தையலுக்கு விட்டிருக்கா. கயித்தோட மறுமுனையப் பிடிச்சவன் நான். ஓரமா போட்டா அப்புறம் பிரிக்க முடியாதுன்னா. நிலம் என்ன, இடுப்புல இறுக்கவா போகுது? மத்த பக்கமெல்லாம் ரோடும் ஓடையும். இல்லன்னா அங்கயும் விட்டிருப்பா."

"அன்னிக்கு வாய மூடிட்டு நின்னீங்கல்ல, இப்பவும் மூடுங்க."

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியானால் துண்டு இன்னும் உங்களுடையதுதான், யாருக்கு எழுதிக் கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். அண்ணன் முகத்தில் பல்பு எரிந்தது. வெளிநாட்டில் தனக்கு இன்னும் சொத்து இருக்கிறது என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பூசணி போடலாம் என்றார்.

"மாடு திரும்ப இடமில்ல, அதுல பூசணியா? கொடி அங்க, காய் கோழிக்காரி வீட்டுல" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கோழிக்காரிக்கே போன் போட்டாள்.

"அடியே, அந்த இடத்த உனக்கே எழுதித் தரேன். வெச்சுக்க."

"ஓசியில எனக்கு எதுவும் வேணாம். உன் மண்ணுன்னு தெரியாம வெச்சுட்டேன். நாளைக்கே பிடுங்கிப் போடறேன்."

"காய்க்கிற மரத்தப் பிடுங்குவியா? உனக்கென்ன கிறுக்கா?"

"நீ சொந்த நிலத்த வெளிய விட்டுட்டு வேலி போடுவ. நான் மரம் பிடுங்கினா கிறுக்கா?"

போன் வைக்கப்பட்டது. நாத்தனார் மெஷினில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டாள்.

"இதுல தலையணைய எந்த வழியாடி விடுறது?" என்றேன்.

"அவ பிடுங்கிடுவா அண்ணி. சொன்னா செஞ்சிடுவா." பிரித்துத் தைக்கக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு நிலம் வேணுமா, வழி வேணுமா?"

"லாரி போனா போதும்மா. மரத்த வெட்ட எனக்கு மட்டும் ஆசையா?"

உடனே கோழிக்காரியையும் அதே போனில் இழுத்துவிட்டாள். நாத்தனார் விற்ற வீட்டின் முன்பக்கம், துண்டு முடிகிற இடத்தில், கோழிக்காரியின் சொந்த இடத்தில் அவள் பழைய கூண்டு ரோட்டை ஒட்டி நிற்கிறது. அதை நகர்த்தினால் பட்டறைக்கு லாரி தாராளமாகப் போகும். அந்த இடத்தைத் தச்சருக்கு அவள் கொடுக்கட்டும், அதற்கு மாற்றாகத் துண்டை எடுத்துக்கொள்ளட்டும் என்றாள்.

"இது ஓசி இல்லடி. கொடுத்துத்தான வாங்கற?"

கோழிக்காரி எழுந்து போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "கூண்ட யாரு திரும்பக் கட்டித் தருவா?" என்றாள்.

"நான் கட்டித் தரேன்" என்றார் தச்சர்.

"கதவு என் பக்கம் திறக்கணும். போன தடவ ஒருத்தன் கட்டினது ரோட்டுப் பக்கம் திறந்து, கோழியெல்லாம் ஊர்கோலம் போச்சு."

அப்போதே தெரிந்துவிட்டது, மரம் பிழைத்தது என்று.

காகிதம் வந்து கையெழுத்துப் போடும் அன்று அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். "ஒரு முழமாவது நம்ம பேருல இருக்கட்டுமே."

"அதுல நின்னுகிட்டே தூங்குவீங்களா?" என்று கேட்டு, கையெழுத்துப் போட்டாள்.

கோழிக்காரிக்குச் செய்தி சொன்னோம். நல்ல வார்த்தை ஒன்றாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போனை மரத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டி, "இப்ப இது என் மரம். நீ இங்க வந்தா என்னக் கேட்டுட்டுத்தான் பறிக்கணும்" என்றாள்.

"கேட்டா தருவாளா?" என்றார் அண்ணன்.

"தரமாட்டா" என்றாள் நாத்தனார். அத்தனை சந்தோஷம் அவள் முகத்தில்.